சதுரப்பன் வலம் வந்த இருபத்தெட்டு நாள்

லாரிக்குப் பாடி கட்டற கை, வீடியோ கேம் பெட்டி கட்டினா அது எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டீங்கன்னா, லாரி மாதிரித்தான் இருக்கும்ங்க, வேற எப்படி இருக்கும்? நாமக்கல்லுல பரமத்தி ரோட்டை ஒட்டின எங்க தெருவுல பாடி கட்டற பட்டறை எட்டு, டீக்கடை ஒண்ணு, மாரியம்மன் கோயில் ஒண்ணு, செல்போன் ரிப்பேர் கடை ஒண்ணு, இதுக்கு நடுவுல எந்நேரமும் பாடி இல்லாம வெறும் சேஸியோட வந்து நிக்கற லாரி பத்துப் பதினஞ்சு, அந்த லாரிக்கெல்லாம் பேரு எழுதிப் பூப்போட்டுப் பின்கதவுல மயிலு வரையறவ நானு, தெய்வாத்தாள். என் கண்ணுக்கு முன்னால ஒருத்தன் கோணலா ஒரு கோடு போட்டுட்டுப் போயிட முடியாது. என் வீட்டுக்காரரு சவுதியில டிரெய்லர் ஓட்டறாரு, அவரு தம்பி செங்கோட்டுவேலு எங்க பட்டறையில மரவேலையும் வெல்டிங்கும் பார்க்கறான், வயசு நாப்பத்திரண்டு, கல்யாணம் பண்ணிக்கலை, ஏன்டாப்பான்னு கேட்டா சிரிப்பான், ஒரு நாளைக்கு மொத்தமே முப்பது வார்த்தை பேசுவான், அதுல பத்து வார்த்தை "அண்ணி".

பாடி கட்டக் கொண்டாந்த டிரைவருங்க மூணு வாரம் நாலு வாரம் எங்க தெருவுலயே கிடக்கணும், வண்டியை விட்டுட்டு ஊருக்குப் போக முதலாளிங்க விடமாட்டாங்க, தூங்குவாங்க, தூங்கித் தூங்கி முகம் வீங்கினதும் சீட்டாடுவாங்க, சீட்டாடி முடிச்சதும் சண்டை போடுவாங்க, அப்படி ஒரு சண்டையில தூத்துக்குடிக்காரரு ஞானதிரவியம் டீக்கடை பெஞ்சை ரெண்டா ஒடச்சுட்டு, "நான் சும்மா சாஞ்சேன், அதுவா முறிஞ்சிட்டு, அக்கா"ன்னு என்கிட்ட வந்து சத்தியம் பண்ணின அன்னைக்கு, பெஞ்சுக்குக் கால் போட்டுக் குடுத்துக்கிட்டே செங்கோட்டுவேலு சொன்னான்: "ஏனுங்கண்ணி, இவங்களுக்கு ஒரு கேம் பெட்டி செஞ்சு வச்சா என்னங்க?" செய்யி தம்பி, யாரு வேண்டாங்கறான்னு நானும் சொல்லிட்டேன், அப்படிச் சொன்னது என் வாயிதான், மறைக்கலை.

செஞ்சான் பாருங்க. இரும்புச் சேனல்ல கூடு கட்டி, ஒன்றரை இஞ்சுப் பலகை அடிச்சு, மூலைக்கு மூலை தகடு கொடுத்து, பின்பக்கத்தை மொத்தமா வெல்டு வச்சு மூடிட்டு, "ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ள போவாதுங்கண்ணி"ன்னு பெருமை வேற, அட சாமி, பட்டறைக்குள்ள நிக்கப்போற பெட்டிக்கு மழைத்தண்ணி எங்கிருந்து வரும்! குதிக்கற பொத்தானுக்கு லாரி ஹாரன் பொத்தானை வச்சான், அதை அமுக்க ரெண்டு கட்டை விரலும் வேணும், ஆட்டற குச்சிக்குப் பழைய கியர் ராடை அறுத்து வச்சான், உசரத்தை டிரைவர் சீட்டுல உக்காந்தவன் கைக்கு எட்டற மாதிரி அளந்தான், சீட்டு வைக்கலை, அதனால விளையாட வர்றவன் கூட்டற ஆள் மாதிரிக் குனிஞ்சு நிக்கணும். அவனை மட்டும் குத்தம் சொல்லி என்ன, நானும் ரெண்டு பக்கமும் மயிலு வரைஞ்சு, நெத்தியில மாரியம்மன் துணைன்னு எழுதி, பழக்க தோஷத்துல பின்பக்கத்துல 'ஒலி எழுப்பவும்'னும் எழுதிட்டுத்தான் தூரிகையைக் கழுவினேன். எட்டாள் சேர்ந்து அதை ஒரு அடி நகர்த்தினோம்.

உள்ள ஓடற விளையாட்டைச் செஞ்சது செல்போன் கடை ஷம்சாத்து. ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தவ, மூக்குல கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு எந்த போனையும் பிரிச்சு மேய்ஞ்சிருவா, உள்ளங்கையளவு ஒரு கம்ப்யூட்டரை வாங்கியாந்து, கட்டம் போட்ட நோட்டுல ஒவ்வொரு கட்டமா நெரப்பி ஒரு ஆளை வரைஞ்சா, செவப்புத் தலைப்பா, மஞ்சச் சட்டை, நீல டவுசரு, எல்லாம் சதுரம் சதுரமா. ஓடணும், குழியைத் தாண்டணும், எதிர்ல வர்ற மிருகத்துத் தலைமேல குதிக்கணும், பக்கவாட்டுல எது தொட்டாலும் செத்தான், மொத்தம் மூணு உசுரு, மூணுக்கும் மூணு செவப்பு இதயம் திரையோட மேல் மூலையில. இவ்வளவுதான் விளையாட்டு.

எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டுங்க, முன்கண்ணாடியைக் கடைசியாத்தான் மாட்டுவோம். பாடி கட்டி, பெயிண்டு காஞ்சு, பூசை போட்டுப் பூசணிக்காய் ஒடச்சு, எலுமிச்சம்பழத்து மேல சக்கரம் ஏறி எறங்கினப்புறம்தான் கண்ணாடி, அதுவரைக்கும் வண்டிக்கு முகம் இல்லை, முகம் இல்லாததுக்குக் கண்ணு படாதுன்னு எங்களுக்கு ஒரு எண்ணம். கேம் பெட்டிக்கும் அப்படியே பண்ணினோம், அதுக்கு சக்கரம் இல்லையேங்கறதுனால நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழத்தை வச்சு எட்டாளும் சேர்ந்து பெட்டியை அதுமேல எறக்கினாங்க, கண்ணாடியைத் துணியில சுத்திச் செவுத்துல சாத்தி வச்சிருந்தோம், கற்பூரம் காட்டி, பூசணிக்காய் ஒடச்சு, சுவிட்சைப் போட்டதும் அந்தச் சதுர ஆளு திரையில ஒரு ஓரத்துல இருந்து கிளம்பினான், ஓடினான், மறு ஓரத்துக்கு வந்தான், கண்ணாடி இருந்திருந்தா முட்டிக்கிட்டு நின்னிருப்பான், கண்ணாடி இல்லை, வெளிய வந்துட்டான்.

"ஏ அண்ணாச்சி, பய வெளிய வாரான் பாரும்"னாரு ஞானதிரவியம், கையில டீ கிளாஸோட.

ஒரு சாணு உசரம் இருப்பான். பெட்டி விளிம்புல இருந்து கீழ விழுந்தான், விழுந்தது பூசணிக்காய்ச் சதை மேல, வழுக்கிக்கிட்டே போயி லாரிக்கு அடிவேலை பார்க்கற குழிக்குள்ள போயிட்டான், உள்ள இருந்து அழுற மாதிரி ஒரு மெட்டு கேட்டுச்சு, மூணு தடவை மின்னி மறைஞ்சான், மறுபடியும் திரை ஓரத்துல இருந்து கிளம்பி வெளிய வந்தான், இந்தத் தடவை ஞானதிரவியம் கையை ஏந்திப் பதமா எறக்கி விட்டாரு. திரையைப் பார்த்தா இதயம் ரெண்டுதான் இருந்துச்சு. கண்ணாடியை இனி மாட்டலாமான்னு நான் கேட்டேன், மாட்டிட்டா அவன் எப்படிங்கண்ணி உள்ள போவான்னு செங்கோட்டுவேலு கேட்டான், அதுவும் நியாயமாப் பட்டுச்சு.

அவன் நடந்தான், நடந்தான், நடந்துக்கிட்டே இருந்தான். நேரா போவான், செவுரு வந்தா வலது பக்கம் திரும்புவான், இடதுங்கற பேச்சே கிடையாது, திரும்பிப் பார்க்கற பேச்சும் கிடையாது, பட்டறையில கிளம்பி டீக்கடையைத் தாண்டி, ஷம்சாத்து கடை முக்குல திரும்பி, கோயிலைச் சுத்தி, பின்சந்து வழியா மறுபடியும் பட்டறைக்கு வருவான், வந்ததும் நிக்காம அடுத்த சுத்து. கோயில் பூசாரி முதல் நாளு ஒரு மாதிரித்தான் பார்த்தாரு, ரெண்டாவது நாளு, "வலம் வர்றவன் எவனா இருந்தா நமக்கென்ன, இடமாவா வர்றான்?"னு சொல்லித் திருநீறை அவன் இருக்கற தெசையில தூவி விட்டாரு, பேரும் அவரு வச்சதுதான், சதுரப்பன். மூணாவது நாளு காலையில கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒண்ணு பக்கவாட்டுல வந்து அவனை உரசிருச்சு. அதே அழுகை மெட்டு, மூணு தடவை மின்னினான், பெட்டியில இருந்து திரும்ப வந்தான், இதயம் ஒண்ணு.

அன்னைக்கு ஷம்சாத்து பட்டறைக்கு வந்து உக்காந்தவ எந்திரிக்கவே இல்லை. "தெய்வாக்கா, யாரும் இந்தக் குச்சியில கை வைக்காதீங்க, பொத்தானைத் தொடாதீங்க, முக்கியமா கரண்டை ஆஃப் பண்ணிடாதீங்க. நான் இதுல சேமிக்கற வசதியே எழுதலைக்கா. மொத தடவைதானே செய்யறோம், யாரு அதை நெனச்சா? ஆஃப் பண்ணினா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"அப்ப இவன் மறுபடி வருவானில்ல?"ன்னேன்.

"இவனை மாதிரி ஒருத்தன் வருவான்கா. இவன் வரமாட்டான்."

இதைக் கேட்டதும் எங்க தெரு என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. பத்து வருசமா மனு குடுத்து ஒருத்தனும் மூடாத சாக்கடைக்கு ரெண்டே நாள்ல எட்டுப் பட்டறையும் சேர்ந்து தகடு வெட்டி மூடி போட்டுச்சு, வேகத்தடையைச் செதுக்கி எடுத்தாச்சு, கோயில் படியோரம் சாய்வாச் சிமெண்டு பூசியாச்சு, ஏன்னா அவன் குதிக்கமாட்டான், நாங்க பொத்தானைத் தொடலையே. கோழியெல்லாம் கூடைக்குள்ள, நாயெல்லாம் கயித்துல, ஆடெல்லாம் ஒறம்பரை சொந்தக்காரங்க வீட்டுக்கு. வண்டிங்க எதிர்ல வரக்கூடாதுன்னு முடிவாச்சு, தெரு ஒருவழிப் பாதையாச்சு, நகராட்சிக்காரங்க ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு அதுக்குப் பலகையே நட்டுட்டாங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம், சதுரப்பனுக்கு முன்னால யாரும் போகக்கூடாது, கால் பட்டா போச்சு, அதனால அவன் வர்ற வழியை முழுசாக் காலி பண்ணிட்டு எல்லாரும் பின்னால மட்டும்தான் நடக்கணும்.

நடந்தோம்ங்க, என்ன நடை! பகல் முழுக்க தெரு சனம் பின்னால நடந்துச்சு, பொழுது சாஞ்சதும் டிரைவருங்க முறை போட்டு நடந்தாங்க, பாடி முடிஞ்ச வண்டிக்காரங்ககூட ஊருக்குக் கிளம்பலை, ராத்திரி முழிப்பு அவங்களுக்கு என்ன புதுசா. பள்ளிவாசல்ல தொழுது முடிச்சு வர்றவங்க ஒரு சுத்து நடந்துட்டுத்தான் சாப்பிடப் போனாங்க, நூத்தியெட்டு சுத்து வேண்டிக்கிட்டு முட்டிவலியில படுத்துக் கிடந்தவங்க சதுரப்பன் பேருல எழுதி வச்சு அவனை நடக்க விட்டுத் தங்களோட வேண்டுதலை முடிச்சுக்கிட்டாங்க, எனக்கு இருந்த சுகரு எறங்கிப்போச்சு, டாக்டரம்மா என்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல. சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லை, சீட்டுக்கட்டை எவன் எங்க வச்சான்னே மறந்து போச்சு. பின்னால நடக்கற ஆளு சும்மா நடக்குமா, பேசும், அவன் குறுக்க பேசமாட்டான், யார்கிட்டயும் போயிச் சொல்லவும் மாட்டான், அதனால சொல்லக்கூடாததெல்லாம் அவன் முதுகுல சொன்னாங்க. ஞானதிரவியம் தன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனதுல தப்பு தன் மேலதான்னு மூணு சுத்து சொல்லிச்சொல்லி, நாலாவது சுத்துல போனை எடுத்து அவங்களுக்கே சொல்லிட்டாரு. நான் என்ன சொன்னேங்கறது எனக்கும் சதுரப்பனுக்கும் உள்ளது, நீங்க கேக்காதீங்க.

செங்கோட்டுவேலு மட்டும் நடக்கலை. அவன் பெட்டிக்குப் பக்கத்துலயே கிடந்தான். மழைத்தண்ணி போகாத பெட்டியில காத்தும் போகலைங்க, உள்ள கம்ப்யூட்டரும் பழைய டிவியும் வெந்துக்கிட்டு இருந்துச்சு, பின்தகட்டுல அப்பளத்தை வச்சா சுட்டு எடுத்துடலாம், மூணு பெரிய விசிறியை அதுக்கு நேரா திருப்பி வச்சு, நனைச்ச சாக்கைப் போட்டு, சாக்கு காயக்காய மாத்திக்கிட்டே இருந்தான். தகட்டைப் பிரிக்கலாம்னா வெல்டு, அறுக்கலாம்னா ஆட்டம் குடுத்து எந்த ஒயரு கழண்டுக்குமோன்னு பயம். அப்பத்தான் ஒரு நாளு டீக்கடையில பேப்பரை விரிச்ச ஷம்சாத்து, "யா அல்லா"ன்னா. மாதாந்திரப் பராமரிப்பு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது, எங்க தெரு பேரு அதுல அச்சாயிருந்துச்சு. நடுவுல பதினோரு நாள்தான் இருந்துச்சு.

தெருவே திகிலடிச்சுப் போச்சு. கரண்டு ஆபீசுக்குப் போயி ஒரு தெருவுக்கு மட்டும் விட்டுக் குடுங்கன்னு கேட்டோம், அங்க இருந்த அம்மா ரொம்ப நல்லவங்க, அவங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பின்னால நடந்தவங்கதான், கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு, "கம்பியில ஏறி நிக்கறதும் ஒரு உசுருதானங்க"ன்னாங்க. திரும்பி வந்து டீக்கடையில உக்காந்தோம். ஞானதிரவியம் தொடையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு: "பதிமூணு லாரி நிக்கி, பதிமூணு லாரி பேட்டரி இருக்கு, ஒரு கரண்டு கம்பெனியே நடத்தலாம், என்ன அண்ணாச்சி பயந்து சாவுதீரு?"

"பேட்டரியில டிவியும் கம்ப்யூட்டரும் ஓடும்ங்க. மூணு விசிறியும் சேர்ந்து எட்டு மணி நேரம் ஓடாது. விசிறி இல்லாட்டி பெட்டி தாங்காது"ன்னான் செங்கோட்டுவேலு. ஒரு மாசத்துப் பேச்சை ஒரே மூச்சுல பேசிட்டு எந்திரிச்சுப் போயி மரத்தை எடுத்து அளக்க ஆரம்பிச்சான்.

ரெண்டாவது பெட்டி. அதை அவன் செஞ்ச அழகை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். இரும்பைத் தொடவே இல்லை, லேசான பிளைவுட்டு, ஒத்தையாளு தூக்கலாம். வெல்டுக்குப் பதிலா போல்ட்டு, பின்கதவுக்குக் கீல் வச்சான், மேலயும் கீழயும் வரிசையாத் தொளை போட்டான், கீழ குளுந்த காத்து போயி மேல சூடு வரணும்னு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சு அந்தப் புகை போற வழியைப் பார்த்துப் பார்த்துத் தொளையை மாத்தினான். டிரைவருங்களை வரிசையா நிக்க வச்சு, முழங்கைக்குத் தரையில இருந்து எவ்வளவுன்னு ஒவ்வொருத்தருக்கா அளந்தான், நெட்டையா இருந்தவரை முறைச்சான். ஹாரன் பொத்தானைத் தூக்கிப் போட்டுட்டு, ஷம்சாத்து வரவழைச்ச லேசான பொத்தானை ஒரு நாள் முழுக்க அமுக்கி அமுக்கிப் பார்த்தான், சுண்டு விரல் பட்டாப் போதும். குச்சியையும் அவளே வரவழைச்சா, விட்டதும் தானா நடுவுக்கு வந்து நிக்கற குச்சி. நான் பெயிண்டைக் கலக்கிக்கிட்டுப் போயி நின்னேன், இந்தத் தடவை மயிலு வேண்டாங்கண்ணி, தொளை அடைச்சுக்கும்னான், எனக்கு ஆத்திரமா வந்துச்சு, ஆனா அவன் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை மத்தியானமே பெட்டி தயாரு. பழைய பெட்டித் தகட்டை அதிராம அறுத்து, கம்ப்யூட்டரையும் டிவியையும் ஓட்டத்தோடயே எடுத்து இதுல வைக்கணும், அவ்வளவுதான் பாக்கி, இவன் கைகட்டிக்கிட்டு நிக்கறான். "என்ன தம்பி, எடு"ங்கறேன், எடுக்கலை. "பேட்டரியிலயே சமாளிச்சுப் பார்க்கலாங்கண்ணி, முடியாட்டி மாத்தலாம்."

"எதுக்குடாப்பா? இவ்வளவு நல்லாச் செஞ்சுட்டு?"

அவன் என்னைப் பார்க்காம பெட்டியைப் பார்த்துச் சொன்னான்: "மொத பெட்டியில என்னென்ன தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்ங்கண்ணி. இதுல என்ன தப்புப் பண்ணியிருக்கேன்னு தெரியலை. தெரிஞ்சுக்க இன்னொரு உசுரு அவனுக்கு இல்லையே."

நான் பெயிண்டு டப்பாவை மூடி வச்சுட்டு, காஞ்ச சாக்கை எடுத்து நனைச்சேன்.

சனிக்கிழமை சரியா ஒம்போது மணிக்குக் கரண்டு போச்சு. பதிமூணு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரோட வரிசையா நின்னுச்சு, டிவி எரிஞ்சுது, விசிறி ஒண்ணு மட்டும் சுத்துச்சு, மத்ததுக்கு நாங்க முறத்தை எடுத்து விசிறினோம், பனை ஓலை, அட்டைப் பெட்டி மூடி, பூசாரி தட்டு, எது கையில கெடச்சுதோ அதை வச்சு விசிறினோம். பதினோரு மணிக்குச் சாக்குல இருந்து ஆவி வந்துச்சு. பன்னிரண்டே காலுக்குத் திரை செவந்துச்சு, அதே நேரத்துல பின்சந்துல இருந்து சத்தம்: "மின்னறான்! சதுரப்பன் மின்னறான்!"

செங்கோட்டுவேலு என்னைப் பார்த்தான். நான் ரம்பத்தை எடுத்து அவன் கையில குடுத்தேன்.

கரண்டு இல்லை, மிஷினு இல்லை, கைரம்பம்தான், நாலு பக்கத்து வெல்டையும் நாலு டிரைவரு மாறி மாறி அறுத்தாங்க, தகடு அதிராம மத்த நாலு பேரு கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க, கை சுட்டுப் பொத்துப்போயும் விடலை. தகடு கழண்டதும் உள்ள இருந்து வந்த அனலுல ஷம்சாத்து கண்ணாடி பூத்துப் போச்சு, முந்தானையில துடைச்சுக்கிட்டே கையை உள்ள விட்டா, விட்டவ அப்படியே நின்னா. "செங்கோட்டுவேலு தம்பி, இதைப் பாருங்க."

எங்க பழைய கியர் ராடுதாங்க. செங்கோட்டுவேலு அதுக்குப் போட்ட தொளை ஒரு நூலு சாஞ்சிருந்துச்சு, ராடு அதுல வலது பக்கமாவே அழுந்திக் கிடந்துச்சு, மொத நாள்ல இருந்து யாரும் தொடாமலே அது வலது வலதுன்னு அவனைத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு. நேர்ந்துக்கிட்டு நடக்கறான்னு கும்பிட்டோமே, பாவி மவன், நிக்க முடியாம நடந்திருக்கான். செங்கோட்டுவேலு நெத்தியில அடிச்சுக்கிட்டான். "இருபத்தெட்டு நாளாங்கண்ணி?"ன்னான், முகத்தைப் பார்க்க முடியலை.

"அழுவறதை அப்புறம் வச்சுக்க, மாத்து!"ன்னேன்.

கம்ப்யூட்டரை நான் ஏந்திக்கிட்டேன், டிவியை ரெண்டு டிரைவருங்க தூக்கினாங்க, ஒயரை ஞானதிரவியம் தூக்கிப் புடிச்சாரு, ஏழடி நடந்து புதுப் பெட்டிக்குள்ள வச்சோம், காத்து உள்ள போச்சு, திரையில செவப்பு கொறஞ்சு கொறஞ்சு நெறம் திரும்புச்சு, இதயம் ஒண்ணு அப்படியே இருந்துச்சு. ஷம்சாத்து ஹாரன் பொத்தான் ஒயரைக் கழட்டிப் புதுப் பொத்தானுக்கும், ராடோட ஒயரைக் கழட்டிப் புதுக்குச்சிக்கும் மாட்டினா. குச்சி தானா நடுவுக்கு வந்து நின்னுச்சு.

டீக்கடைப் பக்கம் இருந்து ஒரு அலறல். "நின்னுட்டான்! சதுரப்பன் நின்னுட்டான்!"

செத்துட்டான்னு நெனச்சு நான் ஓடினேன். நடுத்தெருவுல நிக்கறான், மின்னலை, மறையலை, சும்மா நிக்கறான், அவனுக்குப் பின்னால முழுத் தெருவும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது. அந்த நேரம் பார்த்து, எவன் கூடையைச் சரியா மூடலையோ, ஒரு பெட்டைக்கோழி சாக்கடை மூடி மேல தத்தித் தத்தி அவனுக்கு நேரா வருது. யாரும் முன்னால போகக்கூடாது, கால் பட்டா போச்சு. ச்சூன்னு வெரட்டினா கோழி எந்தப் பக்கம் பறக்கும்னு யாருக்குத் தெரியும்?

"தம்பி! கோழி வருது!"ன்னு நான் கத்தினேன். பட்டறையில இருந்து இந்த இடம் தெரியாது, நடுவுல நின்ன பூசாரி கத்தினாரு, அவருக்கு அக்கட்டால நின்ன ஞானதிரவியம் கத்தினாரு, "கோழி! கோழி!"ன்னு தெரு நெடுக வாய் மாத்தி வாய் போச்சு.

"எவ்வளவு தூரம்?"னு பதில் வந்துச்சு.

"நாலடி!"

"மூணு!"

"ஒண்ணரை! அடே, ஒரு அடி!"

"தூக்குடா தம்பி!"

டொய்ங்னு ஒரு சத்தம். எங்க சதுரப்பன் எந்திரிச்சான் பாருங்க, இருபத்தெட்டு நாள்ல மொத தடவையா, என் இடுப்பளவுக்கு, தலைப்பா வெயில்ல செவசெவன்னு, காலை மடக்கிக்கிட்டு மேல போயி, கோழி நடுமுதுகுல எறங்கி, மறுபடி டொய்ங்னு எம்பி, தரையில வந்து நின்னான். கோழி ரெண்டு சுத்து சுத்தி உக்காந்துச்சு, முட்டை ஒண்ணு போட்டுட்டுக் கொக்கரிச்சுக்கிட்டே போச்சு. அந்த ஹாரன் பொத்தானா இருந்திருந்தா அமுக்கி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். தெருவே சிரிச்சுது, அழுதுச்சு, தெரு நெடுக நின்னு கத்தினவங்கெல்லாம் ஓடியாந்தாங்க, பூசாரியும் டீக்கடைக்காரரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

செங்கோட்டுவேலு அங்கிருந்து என்னென்னமோ கேக்கறான், இந்த ஆரவாரத்துல யாரு காதுல விழும். நிச்சயமா இன்னொரு கோழி வருதுன்னு பயந்திருப்பான். கையில இருந்த குச்சியை, அவனை அந்த இடத்தை விட்டு நகர்த்தணும்னு, மெதுவா இடது பக்கம் சாய்ச்சிருக்கான்.

சதுரப்பன் அப்படியே பின்னால திரும்பினான்.

அவன் முன்னால ஒரு ஆளு நின்னதில்லை. அவனுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு இருபத்தெட்டு நாளா அவன் கண்ணு போற வழியெல்லாம் நாங்க காலி பண்ணி வச்சிருந்தோம், வெறும் தெருவைத்தான் சுத்திச்சுத்திப் பார்த்திருக்கான், இந்த ஊர்ல தான் மட்டும்தான் இருக்கோம்னு நெனச்சிருப்பான் பாவம். இப்ப அவனுக்கு முன்னால நாங்க இருந்தோம், எட்டுப் பட்டறையும், முறமும் தட்டும் கையில, பதிமூணு லாரி டிரைவரும், தொழுதுட்டு வந்தவங்களும், முட்டிவலிக்காரங்களும், அவன் முதுகுல எல்லா ரகசியத்தையும் கொட்டின அத்தனை பேரும், வாயைப் பொளந்துக்கிட்டு.

ஒவ்வொருத்தரா பார்த்தான். ஞானதிரவியம் சட்டைப் பொத்தானைப் போட்டாரு, பூசாரி தட்டை எறக்கிட்டுத் தலையைக் கோதினாரு, நான் என் முகத்துல இருந்த கரியை முந்தானையில துடைச்சு, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "வாங்க"ன்னேன்.